நாலாம் நம்பரில் மட்டும் காற்று: ப்ளோயர் கோளாறுக்கு சர்வீஸ் சென்டரா, வயரிங் கடையா, நம் கையா?

போன மே மாதம், கத்திரி வெயிலின் நடுவில், எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் ட்ரெய்லர்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு நின்றபோது என் காரில் ஏசி காற்று நின்றுபோனது. முழுதாக நின்றது என்று சொல்லவும் முடியாது. ஸ்விட்சை 1, 2, 3 எதில் திருப்பினாலும் சத்தமே இல்லை. 4-இல் வைத்தால் புயல். பின் சீட்டில் அம்மா. 4-இல் வைத்தால் "காதுல அடிக்குதுடா, கொறை" என்பார். குறைத்தால் வேர்த்து ஊற்றும். கண்ணாடியை இறக்கலாமென்றால் துறைமுகத்துக்குப் போகிற வண்டிகள் கிளப்பும் தூசு. திருவொற்றியூரிலிருந்து தண்டையார்பேட்டை வந்து சேர்வதற்குள் அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது.

அடுத்த ஐந்து வாரத்தில் இந்த ஒரே கோளாறுக்காக நானே கழற்றிப் பார்த்தேன், ஒரு ஏசி கடைக்குப் போனேன், சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் வாங்கினேன், கடைசியில் ஒரு வயரிங் கடை அண்ணனிடம் வண்டியை விட்டேன். நாலு இடத்தில் நாலு பதில். யாருக்கு எந்த வழி பொருந்தும் என்று சொல்ல எனக்கு இப்போது கொஞ்சம் தகுதி உண்டு. காசு கொடுத்து வாங்கிய தகுதி.

முதலில் ஸ்விட்சைக் கேளுங்கள்

எங்கே போவது என்பதற்கு முன்னால் காரிலேயே உட்கார்ந்து பத்து நிமிடம் செலவழித்தால் பாதி முடிவு அங்கேயே கிடைத்துவிடும். திருகுகிற ஸ்விட்ச் உள்ள சாதாரண ஏசி காரில் இதன் அமைப்பு ரொம்ப எளிது. இடப்பக்கம், க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால், முன்சீட்டில் இருப்பவரின் கால்மாட்டில், காற்றைத் தள்ளும் ப்ளோயர் மோட்டார் இருக்கும். பேட்டரியின் 12 வோல்ட் ஃபியூஸ், ரிலே (கரண்ட்டைத் தானாகத் திறந்து மூடும் ஸ்விட்ச்) வழியாக மோட்டாருக்கு வரும். மோட்டாரின் வேகத்தைக் குறைக்க, பக்கத்திலேயே ரெசிஸ்டர் என்று ஒரு சின்னத் துண்டு. அதில் மூன்று காயில், ஒன்றன்பின் ஒன்றாக. ஸ்விட்ச் 1-இல் இருந்தால் கரண்ட் மூன்று காயிலையும் கடந்து போகும், 2-இல் இரண்டு, 3-இல் ஒன்று, 4-இல் எந்தக் காயிலையும் தொடாமல் நேராகப் போய்விடும்.

இது புரிந்தால் மீட்டர் இல்லாமலே கோளாறைப் பாதி கண்டுபிடிக்கலாம். 1, 2, 3 மூன்றும் செத்து 4 மட்டும் ஓடினால் மோட்டார், ஃபியூஸ், ரிலே மூன்றும் நல்லபடியாக இருக்கின்றன. மூன்றுக்கும் பொதுவான கடைசிக் காயிலோ, சூடு மீறினால் அறுந்துவிடும்படி ரெசிஸ்டரில் வைத்திருக்கும் வெப்ப ஃபியூஸோ, அதில் வயர்களைச் செருகும் பிளாஸ்டிக் கப்ளரோதான் போயிருக்கும். 1 மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் முதல் காயில் அறுந்திருக்கும். 1 வேலை செய்கிறது, 2 மட்டும் வரவில்லை என்றால்? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 1-க்குப் போகும் கரண்ட் 2-க்கான காயில்களையும் தாண்டித்தான் போகிறது. 1 ஓடினால் காயில்கள் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். கோளாறு ஸ்விட்சிலோ அந்த ஒரு வயரிலோ இருக்கிறது. இதற்கு ரெசிஸ்டர் மாற்றச் சொல்கிறவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

எந்த நம்பரிலும் ஓடவில்லையா? முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால், ஸ்விட்சைப் போட்டுவைத்து, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மோட்டாரின் அடியில் மெல்லத் தட்டிப் பாருங்கள். விழித்துக்கொண்டு ஓடினால் உள்ளே மோட்டாருக்குக் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. காலையில் ஓடி, அரை மணி நேர டிராஃபிக்குக்குப் பிறகு நின்று, ஆறியதும் மறுபடி ஓடுகிறதா? எங்கோ சூடேறி விட்டுப்போகிறது: கப்ளர், ரிலே, மோட்டார் மூன்றில் ஒன்று.

ஆட்டோமேட்டிக் க்ளைமேட் கன்ட்ரோல் (குளிரின் அளவைச் சொன்னால் காற்றின் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் வகை) உள்ள வண்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. அதில் காயில் ரெசிஸ்டர் கிடையாது. டிரான்சிஸ்டர் வைத்த ஒரு மாட்யூல்தான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. அது போனால் காற்று ஒரே வேகத்தில் முழுதாக அடிக்கலாம், அல்லது சாவியை எடுத்த பிறகும் ஓடிக்கொண்டே இருந்து காலையில் பேட்டரி காலியாக இருக்கலாம்.

என் கையே எனக்கு உதவி

எனக்கு 4 மட்டும் ஓடியது. ரெசிஸ்டர் என்று தெளிவாகத் தெரிந்தது. ஜி.பி. ரோடுக்குப் போய்ப் பழைய துண்டைக் காட்டி 750 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போவது முக்கியம். பார்க்க ஒரே மாதிரி இருந்து, செருகும் பின்களும் பொருந்தி, காயிலின் ஓம் அளவு மட்டும் வேறாக இருக்கும் துண்டுகள் உண்டு. மாட்டினால் ஓடும், ஆனால் 1-க்கும் 3-க்கும் வித்தியாசமே தெரியாது. ஆன்லைனில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் சேசிஸ் நம்பரை வைத்துப் பார்ட் நம்பரைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது கஷ்டமே இல்லை. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, க்ளவ் பாக்ஸை இறக்கி, தலையைக் கால்மாட்டில் வைத்து மல்லாந்து படுத்தால் இரண்டு ஸ்க்ரூ. ஒரே எச்சரிக்கை: அந்தப் பக்கத்தில் மஞ்சள் நிறக் கப்ளரோ வயரோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அது ஏர்பேகுக்கானது. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. நாலு வேகமும் வந்தன. அம்மாவை அழைத்துக்கொண்டு வடிவுடையம்மன் கோயிலுக்குப் போய்வந்தேன், 2-இல் வைத்தே.

பன்னிரண்டு நாள். மறுபடி 1, 2, 3 எல்லாம் மௌனம்.

கழற்றும்போதே கண்ணில் பட்டதை அலட்சியப்படுத்தியதுதான் என் தப்பு. ரெசிஸ்டரில் செருகும் கப்ளர் ஒரு மூலையில் பழுப்பேறி இருந்தது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று செருகிவிட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்திருந்தால் செருகியிருக்க மாட்டேன். ஒரு பின் லூஸாகி அந்த இடத்தில் வெறும் 0.1 ஓம் தடை உண்டானால், 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே 22.5 வாட் சூடு பிறக்கும். சின்ன சோல்டரிங் அயர்னே 25 வாட்தான். கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு சோல்டரிங் அயர்னைச் செருகிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

இரண்டாவது தப்பு, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர். ரெசிஸ்டரும் சும்மா இருந்தாலே கொதிக்கிற சாமான்தான். குறைந்த வேகத்தில் நாலு ஆம்பியர் ஓடி, எட்டு வோல்ட் ரெசிஸ்டரில் விழுந்தால் 32 வாட் அதன்மேல் சூடாக இறங்குகிறது. அதை ஆற்றுவதற்காகத்தான் ப்ளோயரின் காற்று போகும் பாதையிலேயே அதைப் பதித்திருக்கிறார்கள். என் ஃபில்டரைக் கழற்றியபோது அது கறுப்புக் கம்பளி மாதிரி இருந்தது. மணலி, எண்ணூர்ப் பக்கம் தினம் ஓடுகிற வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒத்துவராது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டும். அடைத்த ஃபில்டர், குறைந்த காற்று, ஆறாத ரெசிஸ்டர், பழுத்த கப்ளர். புதுத் துண்டு பன்னிரண்டு நாள் தாங்கியதே பெரிசு.

ஆக, சொந்தக் கையை எப்போது நம்பலாம்? ஃபியூஸ், ஃபில்டர், ரெசிஸ்டர் மூன்றும் நம்மால் முடியும். ரெசிஸ்டர் முதல்முறை போயிருக்கிறது, கப்ளர் வெள்ளையாகச் சுத்தமாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யலாம். கப்ளர் நிறம் மாறியிருந்தாலோ, இரண்டாவது முறை போனாலோ நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏசி கடை

இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். போனதும் கேஜை மாட்டி, கேஸ் கம்மி என்றார்கள். 4-இல் ஐஸ் மாதிரி காற்று அடிக்கிற வண்டியில் கேஸ் கம்மியாக இருந்தால் என்ன, நிறைய இருந்தால் என்ன? என் பிரச்சினை காற்று, குளிர் அல்ல. கூலிங் காயில், கம்ப்ரஸர், கேஸ் கசிவு என்றால் அவர்களிடம்தான் போக வேண்டும். ப்ளோயர் ஓடவில்லை என்பது கரண்ட் வேலை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சர்வீஸ் சென்டர்

கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்ட அன்று மாலையே எஸ்டிமேட் ஃபோனுக்கு வந்தது: ப்ளோயர் மோட்டார், ரெசிஸ்டர், அந்தப் பகுதி வயரிங் ஹார்னஸ் (கப்ளர்களோடு வரும் மொத்த வயர்க் கட்டு), டேஷ்போர்டு இறக்கும் கூலி, ஜிஎஸ்டி, எல்லாம் சேர்த்து 13,800 ரூபாய். வண்டியின் வயது பதினொன்று. விற்றால் கிடைக்கும் தொகையோடு ஒப்பிட்டுப் பார்த்து மனசு ஒரு நிமிடம் நின்றது.

அவர்களைத் திட்டுவது சுலபம். நேரில் போய் அட்வைசரிடம் பேசியபோது அவர் பக்க நியாயமும் புரிந்தது. கருகிய கப்ளரைத் தனியாக விற்பதற்கு அவர்களிடம் பார்ட் நம்பரே இல்லை. வயரை வெட்டி ஒட்டுப் போட்ட வேலைக்கு அவர்கள் உத்தரவாதம் கொடுக்க முடியாது. அதனால் கப்ளர் போனால் ஹார்னஸ். ரெசிஸ்டர் இரண்டு முறை போனதால் மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கிறதோ என்று சந்தேகம், ஆகவே மோட்டாரும். மூன்றையும் மாற்றினால் கோளாறு நிச்சயம் போய்விடும். எது காரணம் என்று தேட வேண்டிய அவசியமே அங்கு இல்லை.

"மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்குதுன்னு அளந்தீங்களா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அந்த ஒரு எண்ணைப் பொறுத்துத்தான் எஸ்டிமேட்டின் பாதிப் பணம் இருந்தது.

வாரன்டி இருக்கிற வண்டியென்றால் வேறு யோசனையே வேண்டாம், இங்கேதான் போக வேண்டும். வெளியே ஒரு வயரை வெட்டினாலும் பிறகு அதையே காரணம் காட்டிக் கையை விரித்துவிடுவார்கள். ஆட்டோமேட்டிக் க்ளைமேட் வண்டிக்கும் இதுவே, அல்லது வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் நல்ல வெளிக் கடை. இன்னொன்று, இன்ஷூரன்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சாதாரணக் கார் பாலிசியில் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் கோளாறுகள் விலக்குப் பட்டியலில்தான் இருக்கின்றன.

வயரிங் கடை

வண்டியை எடுத்துக்கொண்டு தண்டையார்பேட்டை மார்க்கெட் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் வயரிங் கடைக்குப் போனேன். லாரிக்கும் லோடு ஆட்டோவுக்கும் வயரிங் செய்தே பழகிய கை. கடை என்பதே ஒரு தகரக் கூரை, ஒரு பழைய பேட்டரி, சுவர் நிறையக் கப்ளர்கள். நான் வாங்கிய ரெசிஸ்டர் கதையைச் சொன்னதும் அண்ணன் சிரித்தார். "தம்பி, அது சாவுறது பெருசில்ல. அத்த எது சாவடிக்குதுன்னு பாக்கணும்."

அவர் மீட்டரைத் தொடவே இல்லை. ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர், நுனியில் ஊசி. என்னிடம் டிஜிட்டல் மீட்டர் இருக்கிறது, இவர் பல்பை வைத்துக்கொண்டிருக்கிறாரே என்று முதலில் ஏளனமாகத்தான் இருந்தது. பிறகுதான் உறைத்தது. லூஸான, பச்சை பிடித்த இணைப்பின் வழியாகக்கூட மீட்டர் 12 வோல்ட் காட்டிவிடும். ஏனென்றால் மீட்டர் கரண்டே இழுப்பதில்லை. 21 வாட் பல்பு கிட்டத்தட்ட இரண்டு ஆம்பியர் இழுக்கும். இணைப்பு கெட்டிருந்தால் மங்கலாக எரிந்து காட்டிக்கொடுத்துவிடும். லோடு கொடுத்துச் சோதிப்பது என்பது இதுதான். நம் மீட்டரை வைத்தும் செய்யலாம்: ப்ளோயரை 4-இல் ஓடவிட்டு, ஓடும்போதே அளக்க வேண்டும்.

அப்படி அளந்தபோது மோட்டாரின் எர்த்துக்கும் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் 1.1 வோல்ட் காட்டியது. அங்கே ஒரு வோல்ட்டில் பத்தில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கால்மாட்டில் கார்ப்பெட்டைத் தூக்கினால் எர்த் போல்ட் துருப்பிடித்துக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சமயம் எங்கள் தெருவில் நின்ற தண்ணீர் காரின் கால்மாட்டு வரை வந்து போனது. எஞ்சின், பிரேக் எல்லாம் பார்த்தோம். இந்த ஒரு போல்ட்டை யாரும் பார்க்கவில்லை. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் நிற்கிற வண்டிக்கு உப்புக்காற்றே போதும், அதன்மேல் வெள்ளத் தண்ணீர் வேறு. ரெசிஸ்டரைக் கொன்றது இந்த எர்த் இல்லை. ஆனால் 4-இல் வந்த புயலும் முழுப் புயல் இல்லை என்பது போல்ட்டைத் தேய்த்து முறுக்கி, அளவு 0.2-க்கு இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இங்கே இன்னொரு நுட்பமும் அண்ணன் சொன்னார். நிறைய வண்டிகளில் மோட்டாருக்கு 12 வோல்ட் நேராக வந்துவிடும். ஸ்விட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் இருக்கும். மோட்டாரின் ஒரு முனையில் 12 வோல்ட் வருவதைப் பார்த்துவிட்டு "கரண்ட் வருது, மோட்டார் ஓடல, மோட்டார் போச்சு" என்று முடிவுகட்டுவது அவசர புத்தி. இரண்டு முனையிலும் 12 வோல்ட் காட்டினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது, எர்த் பக்கம்தான் வழி அறுந்திருக்கிறது.

மோட்டார் இழுக்கும் கரண்ட்டை அளக்க அவரிடம் கருவி இல்லை. என் மச்சான் சோலார் பேனல் மாட்டுகிறவன். வயரைக் கவ்வியே கரண்ட்டை அளக்கும் அவனுடைய க்ளாம்ப் மீட்டரைக் கடன் வாங்கினேன். சாதாரண மீட்டரின் 10 ஆம்பியர் ரேஞ்சில் இதை அளக்கப் போனால் மீட்டரின் ஃபியூஸ்தான் போகும்; வீட்டு வயரிங் பார்ப்பவர்களின், ஏசி கரண்ட் (மாறுமின்னோட்டம்) மட்டும் அளக்கிற க்ளாம்பும் உதவாது, பேட்டரியின் டிசி கரண்ட்டை (நேர்மின்னோட்டம்) அளக்கிற க்ளாம்ப் வேண்டும். 4-இல் 15 ஆம்பியர் காட்டியது. 30 ஆம்பியர் ஃபியூஸ் போட்ட சின்னக் காருக்கு இது சாதாரண அளவு. மோட்டார் மாற்ற வேண்டாம் என்று அந்த எண்ணே சொல்லிவிட்டது.

மிச்சம் கப்ளர். அதற்கு அண்ணன் என்னைப் புதுப்பேட்டைக்கு அனுப்பினார். உடைத்த வண்டிகளின் சாமான் விற்கும் அந்தத் தெருக்களில் பழைய மோட்டார் வாங்குவது சூதாட்டம், வாங்கினாலும் அங்கேயே பேட்டரியில் வைத்து ஓட்டிப் பார்த்து வாங்க வேண்டும். பழைய ரெசிஸ்டர் வாங்குவது அசட்டுத்தனம். ஆனால் ஒரு ஜாண் வயரோடு வெட்டியெடுத்த நல்ல கப்ளர் வேறெங்கே கிடைக்கும்? சர்வீஸ் சென்டரில் தனியாக விற்காத அதே சாமான், 150 ரூபாய். கருகாததாக, பின்கள் இறுக்கமாக இருப்பதாகப் பார்த்து எடுத்துவந்தேன். அண்ணன் வயர்களை வெவ்வேறு நீளத்தில் வெட்டி, ஒட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வராதபடி சோல்டர் செய்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டார். புது ரெசிஸ்டர், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய். நான் முதலில் வீணாக்கிய 750 தனி.

இந்த வழியிலும் குழி இருக்கிறது. எல்லா வயரிங் கடையும் இப்படி இல்லை. முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றித் தருகிற கடைகள்தான் அதிகம். சென்னை வெயிலில் அந்தப் பசை ஒரே கோடையில் இளகி டேப் நழுவிவிடும். ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் 30-க்குப் பதில் 40 போட்டுக் கொடுப்பவர்கள் உண்டு, செம்புக் கம்பியையே சுற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அதற்குப் பிறகு கருகுவது ஃபியூஸ் இல்லை, டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர். இரண்டு கேள்வி கேட்டாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்: "ஒட்டுக்கு சோல்டரிங்கா, முறுக்கா?" "பழைய சாமானைக் கையில் கொடுப்பீங்களா?" இரண்டாவதற்கு முகம் சுளித்தால் அடுத்த கடை.

யாருக்கு எது

வாரன்டி உள்ள வண்டிக்கு சர்வீஸ் சென்டர், இதில் எனக்கு இரண்டாவது எண்ணமில்லை. ஆட்டோமேட்டிக் க்ளைமேட் வண்டிக்கு சர்வீஸ் சென்டர் அல்லது ஸ்கேனர் உள்ள நல்ல கடை. ஐந்து வருடம் தாண்டிய சாதாரண ஏசி வண்டியில் 4 மட்டும் ஓடி, கப்ளர் சுத்தமாக இருந்தால் ரெசிஸ்டரையும் ஃபில்டரையும் நீங்களே மாற்றுங்கள். கப்ளர் கருகியிருந்தால், வெள்ளம் கண்ட வண்டியாக இருந்தால், கோளாறு வந்து வந்து போனால் நல்ல வயரிங் கடைதான். வெள்ளம் கண்ட வண்டியில் சர்வீஸ் சென்டர் ஹார்னஸ் முழுதும் மாற்றினாலும் அந்த எர்த் போல்ட்டைத் தேய்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். அது எஸ்டிமேட்டில் எந்த வரியிலும் இருக்காது. ப்ளோயர் மெல்லக் கிரீச்சிட்டு, தட்டினால் ஓடி, ஆம்பியர் எக்குத்தப்பாகக் காட்டினால் மோட்டாரே போய்விட்டது. அப்போது மட்டும் புது மோட்டாருக்குப் பணம் கொடுப்பதில் தப்பில்லை, மாட்டுவது யாராக இருந்தாலும்.

என் வண்டியில் இப்போது நாலு வேகமும் வருகின்றன. 3-இல் வைத்தால் மட்டும் எங்கோ ஒரு இலை உரசுகிற மாதிரி சின்னச் சத்தம். வைப்பர் அடியில் சேர்ந்த வேப்பஞ்சருகு உள்ளே போயிருக்கும் என்கிறார் அண்ணன். மழைக்கு முன்னால் கழற்றிப் பார்க்க வேண்டும். அம்மா அதைக் கண்டுபிடிப்பதற்குள்.